சிரட்டைக் கரியும் சாம்பசிவன் மூக்கும்

வலியசாலை அக்கிரகாரத்தில் சாம்பசிவன் என்ற பெயரில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஒருவர் கச்சேரி குமாஸ்தா, ஒருவர் கோயில் காரியம் பார்த்தவர். நமது சாம்பசிவனைத் தேடி வருகிறவர்கள் பெயரைச் சொல்லித் தெருவில் முழிக்க வேண்டியதில்லை. மூக்கைத் தொட்டுக் காட்டினால் போதும், யாராவது வீட்டைக் காட்டிவிடுவார்கள். பார்வைக்கு அந்த மூக்கில் ஒரு விசேஷமும் கிடையாது. சற்றுச் சப்பை, நுனியில் ஓர் அம்மைத் தழும்பு. ஆனால் அதன் கீர்த்தி கரமனை வரைக்கும் பரவியிருந்தது.

அவருக்குக் கல்யாணச் சமையல்தான் தொழில். அந்தப் பக்கத்தில் அதைத் தேகண்டம் என்பார்கள். தேகண்டக்காரனுக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. சுவாமிக்கு நைவேத்தியம் ஆகும்வரை எதையும் வாயில் வைத்து ருசி பார்க்கக் கூடாது. உப்புப் போதுமா, புளி தூக்கலா என்பதெல்லாம் சுவாமி சாப்பிட்டு முடித்த பிறகு தெரிந்து என்ன பிரயோசனம்? சாஸ்திரத்தைக் கறாராகப் பார்த்தால் முகர்ந்து பார்ப்பதும் கூடாதுதான். ஆனால் உருளிப் பாத்திரத்திலிருந்து தானாக மேலே வருகிற ஆவி, தானாக ஒருவர் மூக்கில் பட்டால் அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று வலியசாலை ஒரு சமாதானம் வைத்திருந்தது. மற்றவர்கள் மேல்துண்டால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு விலகி நிற்பார்கள். சாம்பசிவன் மட்டும் உருளிக்கு மேலே குனிவார். "ஒரு பிடி உப்பு" என்பார். அல்லது "இறக்கலாம்" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஒரு கல்யாணத்தில், ஆரியசாலை மளிகைக்கடை ஆறுமுகநயினார் அனுப்பிய நெய்த் தகரங்களில் ஒன்றை, மூடியைத் திறக்காமலே சாம்பசிவன் திருப்பி அனுப்பிவிட்டார். நயினார் கோபித்துக்கொண்டு நேரில் வந்து மூடியைத் திறந்து பார்த்தார். பாதிக்குப் பாதி கடலை எண்ணெய். அவரையே யாரோ ஏமாற்றியிருந்தார்கள். கோபம் போய் மரியாதை வந்துவிட்டது. வியாபாரிக்கு இது போன்ற விஷயங்கள் மறப்பதில்லை.

ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்த வருஷம் அரிசி மறைந்தது. ரேஷன் வந்தது, மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு வந்தது, விருந்துகள் போயின. ஆற்றங்கரைச் சமாராதனைகூடப் பாயசம் இல்லாமல் நடந்தது. தேகண்டக்காரன் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் வந்தன. மனைவி சூடாமணியும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்களும் வீட்டில் இருந்தார்கள். ஊரெல்லாம் சோறு போட்ட கை வீட்டில் கிழங்கை வேகவைத்துப் பரிமாறியது.

அந்தச் சமயத்தில்தான் நயினார் ஆள் அனுப்பினார். அவர் யுத்தத்தைச் சாக்கிட்டுக் கரமனைப் பாலத்துக்கு அப்பால் ஒரு கம்பெனி தொடங்கியிருந்தார். பட்டாளத்துக்கு மழைத்துணி செய்கிற கம்பெனி. ரப்பரை நாப்தாவில் ஊறவைத்துப் பசையாக்கி, துணிமேல் பூசி, சூட்டில் காயவைக்க வேண்டும். நாப்தா என்பது பெட்ரோலுக்கு அண்ணன் முறை. துணி காயக் காய அது ஆவியாகி, அறை முழுக்க நிறைந்து, அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தலையைச் சுற்றவைத்து, பிறகு ஜன்னல் வழியாக ஊருக்குள் போய்விடும். அப்படிப் போனதைப் பற்றி முதலில் யாரும் கவலைப்படவில்லை. நாப்தாவுக்கும் ரேஷன் வந்த பிறகுதான், தன் காசு காற்றில் போகிறதே என்று நயினாருக்கு நெஞ்சு எரிந்தது.

மதராஸிலிருந்து ஒரு என்ஜினியர் வந்து அதற்கு வழி செய்துகொடுத்தார். அறைக் காற்றைக் காற்றாடி வைத்து இழுத்து, சிரட்டைக் கரி நிரப்பிய ஆளுயர இரும்புப் பீப்பாய்க்குள் விட வேண்டும். நமது ஊர்த் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்ட கரிதான், ஆனால் ஏதோ பக்குவம் செய்தது. அந்தக் கரி நாப்தாவை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு நல்ல காற்றை வெளியே விடும். கரி வயிறு நிறைந்ததும் காற்றை இரண்டாவது பீப்பாய்க்குத் திருப்பிவிட்டு, முதல் பீப்பாய்க்குள் பாய்லரிலிருந்து நீராவியைச் செலுத்தினால், பிடித்ததையெல்லாம் கரி கக்கிவிடும். குளிரவைத்தால் அடியில் தண்ணீரும் மேலே நாப்தாவும் பிரிந்து நிற்கும். எடுத்து மறுபடியும் பசை கரைக்கலாம்.

எல்லாம் சரி, கரியின் வயிறு நிறைந்தது எப்படித் தெரியும்? அதற்கு யந்திரம் சீமையில்தான் கிடைக்கும், யுத்தத்தில் கப்பல் ஏறாது என்றார் என்ஜினியர். காற்று வெளியேறுகிற குழாயில் ஒரு சின்னத் திருகு வைத்துக் கொடுத்தார். அடிக்கடி அதைத் திறந்து ஒருவன் முகர்ந்து பார்க்க வேண்டும். நாப்தா வாசனை லேசாகத் தட்டிய உடனே பீப்பாயை மாற்ற வேண்டும். "பொடி போடாதவனாக, பீடி குடிக்காதவனாக, நல்ல மூக்கு உள்ளவனாக ஒருவனைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டார். நயினாருக்கு யோசிக்கவே தேவை இருக்கவில்லை.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்று கேட்டால், காரணம் தங்கப்பன். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரன், பாய்லருக்குத் தீப் போடுகிறவன். அந்த வெளியேற்றுக் குழாய்க்குக் கீழே, பள்ளத்தில், அவனுடைய கொட்டகை இருந்தது. நாப்தா ஆவி கனமானது. மேலே போகாமல் தண்ணீர் மாதிரிப் பள்ளத்தைத் தேடும். குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்திவிட வேண்டும் என்று என்ஜினியர் சொல்லியிருந்தார், ஆனால் இரும்பு கிடைக்கவில்லை. மூங்கிலை வைத்துக் கட்டிப் பார்த்தார்கள், முதல் காற்றிலேயே பிரிந்துவிட்டது. ஆகவே தங்கப்பனுக்கும் நெருப்புக்கும் நடுவே இருந்தது கரி, கரிக்குக் காவல் இருந்தது சாம்பசிவன் மூக்கு.

கம்பெனியில் வாராவாரம் அரிசி கொடுத்தார்கள். அந்த ஒன்றுக்காகச் சாம்பசிவன் எதையும் பொறுத்துக்கொண்டார். அக்கிரகாரத்தில் "பட்டாளத்துக்கு மோந்து பார்க்கிற உத்தியோகம்" என்று கேலி செய்தார்கள். செய்யட்டுமே, அவர்கள் வீட்டில் மரச்சீனிதான் வெந்துகொண்டிருந்தது. சாயங்காலம் வீடு திரும்பியதும் அவர் கொல்லைக் கிணற்றில் குளித்து, வேஷ்டி மாற்றிக்கொண்டுதான் உள்ளே வரலாம் என்பது சூடாமணியின் சட்டம். கழற்றிப் போட்ட வேஷ்டியை அவள் ஒரு குச்சியால் தூக்கிக் கொண்டுபோய் நனைப்பாள். "என்ன நாத்தமோ அம்மா. குடலைப் பிடுங்கறது" என்பாள். அவர் சிரிப்பார்.

இரண்டாம் வருஷம் அவருடைய கையில் கரி நன்றாகப் பிடிக்கிறது என்று நயினார் பாராட்டினார். முன்பு காலையிலேயே நிறைகிற பீப்பாய் இப்போது மத்தியானம் வரை தாங்கியது. விறகு மிச்சம். நாப்தா கொஞ்சம் குறைவாகத் திரும்புகிறதே என்று ஒரு சந்தேகம் வந்தபோது, குழாய் எங்கேயோ ஒழுகுகிறது என்று பழி குழாயின் மேல் போயிற்று. நாப்தா கொடுக்கிற பட்டாள அதிகாரி ஒருமுறை பார்வையிட வந்தார். நயினார் சாம்பசிவனைத் திருகுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "எங்க மிஷின் இதுதான்" என்றார். அதிகாரி சிரித்துக் கைகுலுக்கினார். சாம்பசிவன் அன்றைக்குக் கர்வப்பட்டார். எதற்காகத் தன்னைப் பாராட்டினார்கள் என்பது பிற்பாடு தெரிந்தபோது, அந்தக் கையை வெட்டி எறியலாம் போல் இருந்தது அவருக்கு.

அது தெரிந்தது ஒரு பகவதி சேவையில். பக்கத்து வீட்டுச் சுப்புலக்ஷ்மி நேர்ந்துகொண்டது. ஆளுக்குக் கொஞ்சம் அரிசி, ஆளுக்குக் கொஞ்சம் வெல்லம் என்று தெருவே சேர்ந்து போட்டுப் பாயசம் வைத்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு வருகிற பாயசம். குழந்தைகள் காலையிலிருந்தே இலை போட்டுக் காத்திருந்தார்கள். வழக்கம்போல் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி நின்றார்கள். வழக்கம்போல் சாம்பசிவன் உருளிக்கு மேலே குனிந்தார்.

"பதம் ஆயாச்சு. இறக்கலாம்" என்றார்.

பகவதிக்குக் காட்டி, தீபாராதனை முடிந்து, இலையில் விட்டார்கள். முதலில் ஒரு குழந்தை துப்பியது. பிறகு பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேங்காய் காறிப்போயிருந்தது. வாயில் வைக்க முடியாத காறல். மாதக்கணக்கில் பரணில் கிடந்த தேங்காயை யாரோ கொடுத்துவிட்டார்கள். சுப்புலக்ஷ்மி அழ ஆரம்பித்தாள். தேங்காய் கொடுத்தது யார் என்று ஒரு விசாரணை நடந்தது. சாம்பசிவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரைச் சந்தேகிக்க அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை.

அவர் வீட்டுக்கு வந்து நேரே அடுக்களைக்குப் போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்தார். மூக்கை உள்ளேயே விட்டுப் பார்த்தார். வெறும் தகர டப்பாவை முகர்ந்த மாதிரி இருந்தது. மூடி வைத்தார். மறுபடியும் திறந்தார். மிளகாய்ப் பொடி தும்மலை வரவழைத்ததே தவிர, வாசனையாக ஒன்றும் வரவில்லை. பீப்பாய் மத்தியானம் வரை தாங்கியது கரியின் மகிமை அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு மாதமும் நாப்தா அவர் மூக்குக்கு முன்னாலேயே போய்த் தங்கப்பனின் கொட்டகையில் இறங்கியிருக்கிறது. மழை இல்லாத காற்றுக் காலமாக இருந்ததால் கலைந்து போயிருக்கிறது.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று நாம் சுலபமாகக் கேட்டுவிடலாம். சொன்னால் வேலை போகும், அரிசி போகும், தேகண்டத்துக்கும் திரும்ப முடியாது. மூக்குப் போன தேகண்டக்காரனை யார் கூப்பிடுவார்கள்? அவர் வேறு வழி கண்டுபிடித்தார். எத்தனை சுருள் துணி பூசியாகிறது என்று பார்த்து, ஒரு குத்துமதிப்பில், முன்னதாகவே பீப்பாயை மாற்ற ஆரம்பித்தார். திருகைத் திறந்து மூக்கை வைப்பதெல்லாம் வேஷம். சாயங்காலம் கிணற்றடியில் நின்றுகொண்டு, "இன்னிக்கு நாத்தம் எப்படி?" என்று சூடாமணியிடம் கேட்பார். ஜாஸ்தி என்றால் மறுநாள் இன்னும் சீக்கிரமாக மாற்றுவார். அவளுக்குத் தெரியாமல் அவள் மூக்கைக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் அடிக்கடி மாற்றினால் அடிக்கடி நீராவி வேண்டும். நயினார் வந்து விறகுக் குவியலைப் பார்த்தார்.

"என்ன சாமி, போன வருஷம் இவ்வளவு தின்னலியே. கரி செத்துப்போச்சா, இல்ல நீரு பயந்து பயந்து மாத்துதீரா?"

"ஜாக்கிரதையா இருக்கட்டுமேன்னு..."

"ஜாக்கிரதைக்கு ஒரு அளவு வேணும்லா. விறகு வானத்துலேருந்தா விழுது?"

சாம்பசிவன் மறுநாள் ஒரு சுருள் தள்ளி மாற்றினார். அடுத்த வாரம் இன்னொன்று. சுவர் இரண்டு பக்கமும் நெருங்கி வருகிற மாதிரி இருந்தது. அப்போது இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது.

ஈரக் காற்றில் கரி தண்ணீரையும் குடிக்கும், அப்போது நாப்தாவுக்கு அதன் வயிற்றில் இடம் குறையும் என்பது சாம்பசிவனுக்குத் தெரியாது. என்ஜினியர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மூக்கு இருந்திருந்தால் அதுவே சொல்லியிருக்கும். ஒரு நாள் முற்பகல், தூறலில் புகைகூட எழும்பாமல் தரையோடு படுத்திருந்த வேளை. தங்கப்பன் உலைக் கதவைத் திறந்து தேங்காய் மட்டையை, அவன் பேச்சில் தொண்டு, அள்ளி வீசினான். உலை வாயிலிருந்து நீலமாக ஒன்று வெளியே வந்தது. தரையோடு ஓடி, கொட்டகை வாசலைத் தாண்டி, 'புஸ்' என்று அடங்கியது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

சாம்பசிவன் ஓடினார். தங்கப்பன் மல்லாந்து கிடந்தான். புருவம் இல்லை. மீசை இல்லை. முழங்கை வரை தோல் சிவந்திருந்தது. அவன் எழுந்து உட்கார்ந்து, மேல் உதட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மீசையை எடு எடுன்னு வீட்டுல சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலிச்சாச்சு சாமி. இன்னிக்கு ஒரு வழியா போச்சு."

"தங்கப்பா, வலிக்கறதா?"

"ஏய், இது ஒண்ணும் காரியமாக்கண்டாம். தொண்டுல எண்ணெய் இருந்திருக்கும். சாமிக்க மூக்கு மேல இருக்கும்போ எனக்கு எந்து பேடி, என்ன பயம்?"

அந்த வார்த்தை சாம்பசிவனை அறுத்தது. அன்று மத்தியானமே குடையைக்கூட எடுக்காமல் ஆரியசாலைக்கு நடந்தார். நயினார் கடையில் உட்கார்ந்து சுக்கு மூட்டை பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பசிவன் சொட்டச் சொட்ட நின்றபடியே சொன்னார்.

"எனக்கு மூக்கு போயாச்சு. வாசனை ஒண்ணும் அறியல்லை. இன்னிக்கு தங்கப்பன் பிழைச்சது பகவான் செயல்."

நயினார் ஒரு சுக்குத் துண்டை ஒடித்து நீட்டினார். "மோந்து பாரும்."

சாம்பசிவன் முகர்ந்தார். தலையை ஆட்டினார். நயினார் சுற்றிலும் பார்த்துவிட்டு, கடைப் பையனை அனுப்பிவிட்டு, அவரை உட்காரச் சொன்னார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப தெரியவும் வேண்டாம். நான் சொல்லுததைக் கேளும். அந்த வெள்ளைக்காரன் உம்ம கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போயிருக்கான். மூக்கு போச்சுன்னு அவன் காதுல விழுந்தா நாப்தா நின்னுரும். நாப்தா நின்னா கம்பெனி நின்னுரும். உமக்கு மட்டுமா அரிசி? தங்கப்பன் வீட்டுக்கும்தான்."

"வேற ஆளைப் போடுங்கோ. நான் போறேன்."

"போடலாம். ரெண்டு வருஷத்துல அவனுக்கும் போகும். பாவம் இல்லியா சாமி? ஒரு நல்ல மூக்கைக் கொண்டுவந்து எதுக்குக் கெடுக்கணும்? உமக்குப் போயாச்சு. இனிமே போறதுக்கு உம்மகிட்ட என்ன இருக்கு? நீரே நில்லும். விறகு எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடும், நான் கேக்கல்லை."

நயினார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சாம்பசிவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வைதுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வந்திருக்கலாம். அவர் சொன்னதில் ஒவ்வொன்றும் நியாயமாக இருந்தது, அதுதான் கொடுமை. உண்மையைச் சொன்னால் கதவு திறக்கும் என்று எண்ணிப் போனவர், கதவுக்கு வெளியிலிருந்தும் ஒரு தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் அவர் வாயைத் திறக்குமுன் சூடாமணியே பேசினாள்.

"இன்னிக்கு ரொம்ப ஜாஸ்தி. ஏன்னா, தினம் என்னைக் கேக்கறேளே, உங்களுக்கு அறியல்லை, இல்லையா?"

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"பகவதி சேவை அன்னிக்கு நீங்க பெருங்காய டப்பாவைத் திறந்து திறந்து மூடினதை நான் பார்த்தேன். நீங்களாச் சொல்வேள்னு இருந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னார். தங்கப்பனின் மீசையைச் சொன்னார், நயினார் போட்ட தாழ்ப்பாளைச் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை: யார் வந்து அங்கே முகர்ந்தாலும் இரண்டு வருஷத்தில் மூக்கு போய்விடும் என்று நயினார் சொன்னதை.

சூடாமணி ஈர வேஷ்டியைப் பிழிந்தாள். "என் மூக்கு நன்னாத்தானே இருக்கு" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. தங்கப்பன் சிரித்த சிரிப்பு குறுக்கே வந்து நின்றது. அவர் சும்மா இருந்துவிட்டார்.

அக்கிரகாரத்துப் பெண் ரப்பர்க் கம்பெனிக்கு வேலைக்குப் போவதா என்று வலியசாலை கொதித்தது. சுப்புலக்ஷ்மி பேச்சை நிறுத்திவிட்டாள். நயினார் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல், துணி மடிக்கிற சாய்ப்பில், பீப்பாய்ப் பக்கத்துத் தாழ்வாரத்தில், சூடாமணிக்கு இடம் கொடுத்தார். பாறசாலையிலிருந்து வருகிற தாசம்மாள் அங்கே இருந்தாள். முதல் நாளே, "மாமி, அந்தத் திண்டுல உக்காருங்க, காத்து வரும்" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். சூடாமணி தண்ணீர் குடிக்க எழுந்து போகிற சாக்கில் திருகுப் பக்கம் போவாள். சாம்பசிவன் குனிந்து மூக்கை வைத்துவிட்டு நிமிர்வார், பிறகு அவள் போகிற போக்கில் மூச்சை இழுப்பாள். வாசனை இருந்தால் புடவைத் தலைப்பை இழுத்து மூக்கில் வைத்துக்கொள்வாள். அவர் பீப்பாயை மாற்றுவார். பார்க்கிறவர்களுக்கு அவரே கண்டுபிடித்த மாதிரி இருக்கும்.

காலையிலும் ஒரு சடங்கு ஏற்பட்டது. சிரித்தானே தவிர, இரவில் கசிந்த ஆவி பள்ளத்தில் தங்கியிருக்குமோ என்று தங்கப்பனுக்கு உள்ளூரப் பயம் வந்துவிட்டது. சாமி வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்து "கத்திச்சோ" என்று சொல்லாமல் அவன் தீக்குச்சியைக் கிழிப்பதில்லை. கொளுத்து என்பதற்கு அவனுடைய பேச்சு அது, சாம்பசிவனும் அதையே சொல்வார். சொல்வதற்கு முன்பு ஒரு தடவை, கூடவே வந்து நிற்கிற சூடாமணியைப் பார்ப்பார். தலைப்பு தோளிலேயே கிடந்தால் சொல்வார்.

இப்படி ஒரு மழைக்காலம் போயிற்று, ஒரு வெயில் காலம் போயிற்று. அடுத்த மழையும் வந்தது. ஒரு விபத்தும் இல்லை. தங்கப்பனுக்குப் பழையபடி மீசை வளர்ந்து முறுக்குகிற அளவுக்கு வந்துவிட்டது. சாம்பசிவன் சில நாட்களில் தான் நன்றாகத் தூங்கியதைக் காலையில் எழுந்து ஆச்சரியத்தோடு நினைத்துக்கொள்வார்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். இருவரும் கம்பெனியிலிருந்து வந்து குளித்தாயிற்று. பெண்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அடுக்களையில் பால் அடுப்பில் இருந்தது. அடுத்த அறையில் சூடாமணி முறத்தில் ரேஷன் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சாம்பசிவன் பக்கத்தில் உட்கார்ந்து தானும் பொறுக்கினார். யுத்தம் முடியப்போகிறதாம், விருந்துகள் திரும்ப வருமாம் என்று ஏதோ பேச்சு. அப்போது ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேசாத சுப்புலக்ஷ்மி கொல்லை வழியாக ஓடி வந்தாள்.

"எந்தாக்கும் இது? பால் தீயற நாத்தம் தெருக்கோடி வரைக்கும் வரது. ரெண்டு பேரும் இங்கேயே உக்காந்துண்டு இருக்கேளே!"

சூடாமணி முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். பாத்திரம் கரிந்து அடி கறுத்துவிட்டிருந்தது. சுப்புலக்ஷ்மி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள். சாம்பசிவன் அடுக்களை வாசலில் நின்றார். புகை கண்ணில் கரித்தது. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"எப்பேர்ந்து?"

"ஆவணி அவிட்டத்துக்கு வெண்ணெய் காய்ச்சினேனே, அப்பவே தெரியல்லை. ஜலதோஷம்னு நினைச்சேன்."

"அப்போ கம்பெனியில தலைப்பை எடுத்து எடுத்து வெச்சுண்டது?"

"குத்துமதிப்பா."

"என்கிட்ட சொல்லல்லையே சூடா."

"நீங்க சொன்னேளா?" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக்கொண்டே சொன்னாள்.

தங்கப்பனிடம் சொல்லவில்லை, தெருவிடம் சொல்லவில்லை, மூக்கு போகும் என்று இவளிடமும் சொல்லவில்லை. ஆவணியிலிருந்து எத்தனை காலைகளில் அவளைப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த தலைப்பை நம்பி, "கத்திச்சோ" என்று சொல்லியிருப்பார்? இரண்டு குருடர்கள் சேர்ந்து ஒருவனுக்கு வழி காட்டியிருக்கிறார்கள். அவன் அந்த வழியில் நடந்துகொண்டே இருந்திருக்கிறான்.

மறுநாளும் போனார்கள். போகாமல் இருந்தால் தங்கப்பன் காத்திருந்துவிட்டு, நேரம் ஆகிறதே என்று தானே கொளுத்திவிடுவான். இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. காற்றே இல்லை. கொட்டகை வாசலில் தங்கப்பன் தொண்டுக் குவியல் மேல் உட்கார்ந்து தீப்பெட்டியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். சாய்ப்பில் தாசம்மாளும் மற்றப் பெண்களும் வந்துவிட்டிருந்தார்கள்.

சாம்பசிவன் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வாயைத் திறந்தார். வழக்கமான "கத்திச்சோ"தான் வருவேன் என்று நின்றது, உண்மை வரவில்லை. இத்தனை வருஷமாக வராதது இன்றைக்கு மட்டும் வருமா?

சூடாமணி முன்னே வந்தாள்.

"தங்கப்பா, எனக்குத் தெரியல்லை. வாசனை இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியல்லை. இவருக்கும் தெரியாது. இவருக்குத் தெரியாம ரொம்ப காலமாச்சு."

தங்கப்பன் எழுந்து நின்றான். அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். சாய்ப்பிலிருந்து தாசம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"சாமி, மாமி சொல்லியது நேரா?"

"நிஜம்தான். உன் மீசை போன அன்னிக்கே எனக்கு மூக்கு கிடையாது தங்கப்பா" என்றார் சாம்பசிவன்.

தங்கப்பன் மறுபடி வளர்ந்திருந்த மீசையை மெல்லத் தடவினான். வைவான் என்று அவர் எதிர்பார்த்தார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். அவன் அப்படி ஒன்றும் செய்யவில்லை. தீப்பெட்டியை அவரிடம் நீட்டினான்.

"அப்போ இன்னிக்கு சாமியே கத்திச்சுக்கோ."

சாம்பசிவன் வாங்கிக்கொண்டார். எத்தனையோ அடுப்புப் பற்றவைத்த கை அது. உலைக் கதவு திறந்தே இருந்தது. அவர் அதன் பக்கம் ஓர் அடிகூட வைக்கவில்லை. நீராவி இல்லாமல் காற்றாடி சுற்றவில்லை, துணி ஓடவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து மழை ஈரத்தில் நின்றார்கள். அரிசி கொடுக்கிற நாள் அது. எல்லாருக்கும் அது ஞாபகம் இருந்தது. ஆனாலும் யாரும் கொளுத்தச் சொல்லவில்லை.

நயினாரின் ஜட்கா வந்து நின்றது. புகைபோக்கியைப் பார்த்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தார்.

"என்ன சாமி இது, இவ்வளவு நேரமாச்சு, தீ போடலியா? ஒரு குச்சி கிழிக்கதுக்கு ஊரே கூடி நிக்கணுமா?"

சாம்பசிவன் தீப்பெட்டியை அவரிடம் நீட்டினார்.

"நீங்களே கொளுத்திடுங்கோ" என்றார்.

நயினார் தீப்பெட்டியைப் பார்த்தார். பள்ளத்தில் திறந்து கிடந்த உலையைப் பார்த்தார். அவருடைய மூக்கு லேசாகச் சுருங்கியதைத் தங்கப்பன் கவனித்தான். சாம்பசிவன் நீட்டிய கையை மடக்கவில்லை. நயினார் தம் கையை நீட்டவில்லை.